மஸாஹிமாவுக்கு நோயில்லை

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்துக்கு இறங்கும் றோட்டில், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரிகிற இடத்தில், ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. அதன் மூன்றாம் மாடியில் ஹபீலாவும் அவளுடைய தங்கை மஸாஹிமாவும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஹபீலாவின் புருஷன் மவுத்தாகி அவள் விதவையானபோது மகன் நிஸாமுக்கு நாலு வயது. மஸாஹிமாவைக் கட்டியவன் குவைத்துக்குப் போனான். முதல் வருடம் கடிதம் வந்தது, இரண்டாம் வருடம் ஒரு சாரிப் பார்சல் வந்தது, அதற்குப் பிறகு அவனுக்கு அங்கே பிள்ளை பிறந்த செய்திதான் வந்தது. அன்றைக்கே மஸாஹிமா தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூத்தவளான ராத்தாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஹபீலாவின் தொழில் இடியப்பம். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு மாவைக் குழைத்து உரலில் இட்டுப் பிழியத் தொடங்கினால், ஏழு மணிக்குள் இருநூறு இடியப்பம் அவிந்து இறங்கும். நிஸாம் அதைத் தன் ஆட்டோவில் ஏற்றி நாலைந்து சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவான். இருபது வருடம் பிழிந்ததில் அவளுடைய முன்கைகள் துறைமுகத்து ஆம்பிளைகளுடையவை போல் முறுகிப்போயிருந்தன. அடுப்படியில் அவள் நிற்கும்போது ஜன்னலோரம் மஸாஹிமாவின் மெஷின் ஓடும். அவள் தைத்தது பள்ளிக்கூட உடுப்புகள். இருவரும் வேலைக்கு நடுவில் ஓயாமல் சண்டை பிடிப்பார்கள். சண்டை பெரும்பாலும் மீன் ஆணத்துக்குப் புளி போதுமா போதாதா என்பதைப் பற்றியதாக இருக்கும்.

ஹபீலாவுக்குக் கூலியில்லாத வேலை ஒன்றும் இருந்தது. இறந்துபோன பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்டுவது. மாளிகாவத்தையிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இலந்தை இலையை நுரைக்கக் கசக்கி, வலப்பக்கத்தை முதலில் கழுவி, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து, தலைமுடியை மூன்றாகப் பின்னிவிடுவாள். துணிக்கு அடியில் கைமட்டும்தான் போகும், கண் போகாது. மஸாஹிமா தண்ணீர் ஊற்றுவாள், மய்யித்தைச் சுற்றும் கபன் துணியை அளந்து வெட்டுவாள். வீட்டில் வாய் ஓயாத இரண்டு பேரும் அந்த அறைக்குள் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கை நீட்டினால் என்ன வேண்டும் என்று மற்றவளுக்குத் தெரியும்.

கொரோனா வந்த வருடம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. அந்த நோயில் இறந்தவர்கள் யாராக இருந்தாலும் எரிக்கப்படுவார்கள். மண்ணில் அடக்கலாம், அதனால் ஆபத்தில்லை என்று உலகத்து வைத்தியர்கள் எல்லாம் சொன்னார்கள். இங்கே மட்டும் நிலத்தடித் தண்ணீரில் கிருமி கலந்துவிடும் என்றார்கள். பள்ளிவாசலில் மனுக் கொடுத்தார்கள், கோட்டுக்குப் போனார்கள். ஒன்றும் அசையவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அன்று மஸாஹிமா மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"தண்ணிக்கி எண்டா இவ்வளவு காலமும் எங்கட மய்யித்தெல்லாம் எங்கயாம் ஈந்த? வானத்திலயா?"

"சத்தம் போடாத. ஜன்னல் தொறந்தீக்கி" என்றாள் ஹபீலா.

ஒக்டோபர் கடைசியில் குடியிருப்பை மூடினார்கள். படியடியில் மஞ்சள் நாடா கட்டி, வாசலில் இரண்டு இராணுவத்தார் துவக்கோடு நின்றார்கள். அறுபது வீட்டுச் சனமும் உள்ளே அடைபட்டது. இடியப்பத்துக்கு வாங்கி வைத்த மாவைத் தாங்களே தின்றார்கள். அது முடிய நிவாரணப் பொதி வந்தது. அரிசி, பருப்பு, ஒரு டின் மீன். மழை விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஊறி, பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்தது.

மஸாஹிமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. ஈரம் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். அடைத்த மூன்றாம் கிழமை அவள் வாயில் அடித்து மூச்சிழுக்கும் பம்ப் முடிந்துவிட்டது. நிஸாம் வெறும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மருந்துக் கடை எதிர்ப்பக்கத்தில், எண்ணிப் பார்த்தால் நாற்பது அடி.

"சாச்சிக்கி மூச்சு எடுக்க ஏலா. நீங்களே பெய்த்து வாங்கித் தாங்க. நான் வெளிய வரல்ல" என்று சிங்களத்தில் கெஞ்சினான்.

காவல் நின்றவனுக்கும் நிஸாமின் வயதுதான் இருக்கும். அவன் மேலதிகாரியிடம் கேட்டான். மேலதிகாரி சுகாதாரக் காரியாலயத்திடம் கேட்டார். மூச்சுத் திணறல் என்ற சொல் போன மாத்திரத்தில் மருந்து வரவில்லை, அம்புலன்ஸ் வந்தது. வெள்ளை அங்கி போட்ட மூன்று பேர் படியெல்லாம் மருந்தடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"இது கொரோனா இல்ல மஹத்தயா. தொய்வு. பொறந்ததிலீந்து ஈக்கி" என்று ஹபீலா குறுக்கே நின்றாள்.

"டெஸ்ட் எடுத்தால் தெரியும் அம்மா. இல்லையென்றால் இரண்டு நாளில் திருப்பி அனுப்புவோம்."

மஸாஹிமா தானே நடந்து இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். கீழே வண்டியில் ஏறும் முன்னர் தலையை உயர்த்தி, மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்து, "அந்த நாலு கவுனுக்கும் பொத்தான் வைக்கல்ல ராத்தா" என்று கத்தினாள். அதைச் சொல்லவே அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

அடுத்த நாள் போனில் பேசினாள். குரல் தெளிந்திருந்தது.

"மாஸ்க் போட்டு மருந்துப் புகை தந்தாங்க. இப்ப நல்லம். சோறு வாயில வைக்க ஏலா, உப்புமில்ல ஒண்டுமில்ல. எங்கட புளி ஆணம் எவ்வளவு மேல்."

"ஆ, இப்பதான் தெரீதா? டெஸ்ட் என்னவாம்?"

"நாளைக்கி ரிப்போட் வருமாம். வந்தா வேற வாட்டுக்கு மாத்துவாங்களாம். இங்க பக்கத்துக் கட்டில்ல எல்லாம் இருமுறாங்க ராத்தா. எனக்கி பயமா ஈக்கி."

அதற்கடுத்த நாள் போன் எடுபடவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் சிங்களத்தில் பேரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, விடியற்காலை நாலரைக்கு முடிந்துவிட்டது என்றும், கொரோனா மரணமாகப் பதிந்திருப்பதாகவும், ஆட்கள் வருவார்கள், கையொப்பம் வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஹபீலா அழவில்லை. நேரே போய் அலுமாரியைத் திறந்து கபன் துணியை எடுத்தாள். விரித்து, மஸாஹிமாவின் உயரத்துக்கு அளந்தாள். கத்தரிக்கோலைத் தேடினாள். நிஸாம் அவளுடைய கையைப் பிடித்தான்.

"உம்மா. குடுக்க மாட்டாங்க உம்மா."

"நான் கேக்கிறன். நான் கேட்டுப் பாக்கிறன். எனக்கி இது எப்புடிச் செய்யிற எண்டு தெரியும். பத்தடி தூரத்தில நிண்டாவது…" என்று சொல்லிக்கொண்டே அவள் வெட்டினாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. பொலிஸ் எஸ்ஐ ஒருவரும், பீஎச்ஐ என்று எல்லோரும் கூப்பிடும் சுகாதாரப் பரிசோதகரும் வந்திருந்தார்கள். தாயையும் மகனையும் கீழே கூப்பிட்டு, நாடாவுக்கு உள்பக்கம் நிற்க வைத்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலிலும் ஆட்கள். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான். ஹபீலாவுக்குச் சந்தையில் பேசுகிற சிங்களம் நன்றாக வரும், எழுத்துத்தான் தெரியாது.

"இதில் கையொப்பம் வையுங்கள்" என்று எஸ்ஐ ஒரு தாளை நீட்டினார்.

"என்ன எழுதீக்கி?"

"தகனத்துக்குச் சம்மதம் என்று."

"எனக்குச் சம்மதமில்லையே மஹத்தயா."

"சம்மதமில்லாவிட்டாலும் எரிப்போம். இது நடைமுறைக்கு வேண்டும்."

"எரிக்கிற எண்டா எனக்கிட்ட ஏன் கேக்கிறீங்க?"

எஸ்ஐ தாளை இன்னும் கிட்ட நீட்டினார். ஹபீலா பீஎச்ஐயின் பக்கம் திரும்பினாள். அவர் ஐம்பது வயதுக்காரர், நாலு நாள் தூங்காத கண்.

"மஹத்தயா, ரிப்போட் வந்ததா? எனக்கிக் காட்டுங்க. வந்தீந்தா நான் ஒண்டும் பேசல்ல. இல்லாட்டி ரெண்டு நாள் வைங்க. நான் தொடவும் மாட்டன். பெட்டிய மூடி, சீல் வச்சு, எவ்வளவு ஆழத்தில சென்னாலும் நாங்க தோண்டுவம். மேல கொங்கிரீட் போடுங்க. அவள நெருப்பில போடாதீங்க. அவ சூட்டுத் தண்ணி மேல பட்டாலும் கத்துற ஆள்."

"எனக்கு மேலே இருந்து வருகிற உத்தரவு அம்மா" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

எஸ்ஐக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. நிஸாமின் தோளில் கைவைத்து ஜீப்புக்குள் தள்ளினார். ஒரு பொலிஸ்காரன் அவனுடைய முழங்கையைப் பின்னால் மடக்கினான்.

"தனிமைப்படுத்தல் சட்டத்தில் இவனை உள்ளே போடலாம். கடமைக்கு இடைஞ்சல். ஆறு மாதம். இந்தக் கட்டடத்து அறுபது வீட்டையும் இன்றைக்குப் பின்னேரத்துக்குள் பஸ்ஸில் ஏற்றி முகாமுக்கு அனுப்பலாம். பிள்ளைகள், கிழடுகள் எல்லாம். நீங்கள் ஒருத்தியால். யோசித்துக்கொள்ளுங்கள்."

மேலே ஜன்னல்களில் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். யாரோ ஒரு குழந்தை அழுதது. ஹபீலா அந்த ஜன்னல்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜீப்பில் குனிந்திருந்த மகனின் தலையைப் பார்த்தாள். தாளை வாங்கி, ஜீப்பின் முன்பக்கப் பொனற்றில் வைத்து, மழைத்துளி விழ விழத் தன் பேரை எழுதினாள்.

"இப்ப மகன விடுங்க."

"சாட்சிக்கு ஒருவர் வர வேண்டும். இவன் வரட்டும்" என்று எஸ்ஐ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஜீப் போய்விட்டது.

நிஸாம் பதினாறு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். தகனசாலையிலிருந்து அவனை நேரே கிழக்கில் ஒரு முகாமுக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தப் பதினாறு நாளும் ஹபீலா கதவில் ஒட்டிய சிவப்புத் தனிமைப்படுத்தல் அறிவிப்போடு தனியே கிடந்தாள். பக்கத்து வீட்டார் கதவடியில் சோறு வைத்துத் தட்டிவிட்டு ஓடினார்கள். மூன்று இரவு அவள் அதை எடுக்கவில்லை, எறும்பு எடுத்தது.

வந்த மகனை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நேராகக் கேட்டாள்.

"சாச்சிட மொகத்தப் பாத்தீங்களா?"

"இல்ல உம்மா."

"வேற என்னத்தப் பாத்த?"

"பெட்டி ஒண்டு. மேல பொலித்தீன் சுத்தீந்த. பேர் எழுதின துண்டு ஒண்டு ஒட்டீந்த. அதிலயும் பேர் பிழை. மசாகினா எண்டு ஈந்த. நான் பிழை எண்டு சென்னன். அவன் பேனையால அதிலேயே வெட்டித் திருத்தினான்." நிஸாம் கோப்பையைக் கீழே வைத்தான். "அம்பதடி தூரத்தில நிக்கச் சென்னாங்க. தொழுகை வைக்க விடல்ல. நான் நிண்ட இடத்திலேயே மனசுக்குள்ள ஓதினன். அன்டைக்கி ஒம்பது பெட்டி உம்மா. எங்கட பெட்டி ஆறாவது. வரிசையில நிண்டது மாதிரி. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒருத்தன் வந்து அடுத்த நம்பர் எண்டு கூப்பிடுவான்."

"பொறகு?"

"பொறகு பொக."

ஹபீலா எழுந்து போய் வெறும் அடுப்பைப் பற்ற வைத்தாள். பற்ற வைத்ததும் அந்த நீல நெருப்பைப் பார்த்துவிட்டு உடனே அணைத்தாள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நிஸாம் வாசலுக்கு வரும் பேக்கரி வண்டியில் பாண் வாங்கி வந்தான்.

டிசம்பர் நடுவில், வாசல் நாடாவை அவிழ்த்த கிழமை, எதிர்வீட்டுப் பாக்கியலெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். அவளுடைய குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முப்பது வருடம். அவள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தாள். குடியிருப்பை மூடியபோது வெளியே மாட்டிக்கொண்டு, ஏழு வாரமும் அங்கேயே ஸ்டோர் அறையில் படுத்து வேலை செய்திருந்தாள். வந்து குளித்த ஈரத் தலையோடு ஹபீலாவின் கதவைத் தட்டினாள். உள்ளே வந்ததும் கதவை அவளே சாத்தினாள்.

"அக்கா, நான் ஒன்னு சொல்லணும். சொன்னா என் வேல போயிரும். சொல்லாம என்னால சோறு திங்க முடியல."

"இரி பாக்கியம்."

"நம்ம மஸாஹிமா அக்கா இருந்த வாட்டுலதான் எனக்கு டியூட்டி. முதநாள் என்னயப் பாத்ததும் சிரிச்சாங்க. சுடுதண்ணி கேட்டாங்க, கொண்டாந்து குடுத்தேன். ரெண்டாம் நாளு பின்னேரம் பேப்பரு வந்திச்சு. நெகட்டிவ்வுனு நர்ஸ் மிஸ்ஸி வாசிச்சது என் காதுல விழுந்திச்சு. வேற வாட்டுக்கு மாத்தணும்னாங்க. அங்க கட்டுலு இல்லனு அப்படியே வச்சிட்டாங்க. ராவு திரும்ப மூச்சு முட்டிருச்சு. டாக்டரு, மிஸ்ஸி ஒருத்தங்களும் கிட்டப் போகல அக்கா. உடுப்பு இல்ல, அந்த வெள்ள உடுப்பு முடிஞ்சி போச்சு. வேற வாட்டுல வாங்கிப் போட்டுக்கிட்டு வர ஒரு மணி நேரம் ஆச்சு."

ஹபீலா அவளுக்கு இன்னும் கிட்ட வந்து இருந்தாள்.

"செத்ததுக்கு அப்புறம் சின்ன டாக்டரு, இவுங்க நெகட்டிவ்தானேன்னு கேட்டாரு. கொரோனா வாட்டுல செத்தா கொரோனாதான், லிஸ்ட்டு போயிருச்சு, இனி மாத்தினா கேள்வி வரும்னு பெரியவரு சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"ஆராவது பக்கத்தில ஈந்தாங்களா? உசிரு போற நேரம்?"

"நான் இருந்தேன். கண்ணு தொறந்து கெடந்திச்சு. நாந்தான் மூடினேன். நீங்க செய்றது எனக்குத் தெரியும்ல. எனக்கு ஒங்க ஓதல் தெரியாது. ஈரத்துணியால மூஞ்ச தொடச்சேன். கையி, காலு தொடச்சேன். வலது பக்கம் மொதல்ல தொடச்சேன் அக்கா, நீங்க ஒருக்கா சொன்னீங்கனு ஞாபகம். அதுக்குள்ள பையி கொண்டாந்துட்டாங்க." பாக்கியலெட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். "நாங்களும் எரிக்கிற சாதிதான். ஆனா எங்க ஆளுகள எரிக்க, வாய்க்கரிசி போட, கொள்ளி வைக்க வீட்டு ஆளு இருக்கும். இது எரிக்கிறது இல்ல. குப்பைய கொளுத்துற மாதிரி."

ஹபீலா பாக்கியலெட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைகளைப் பார்த்தாள். மருந்துத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்த கைகள். அவற்றை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நிஸாம் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான்.

மறுநாள் தாயும் மகனும் சுகாதாரக் காரியாலயத்துக்குப் போனார்கள். பாக்கியலெட்சுமியின் பேரைச் சொல்லவில்லை. வீட்டுத் தனிமைப்படுத்தல் முடிந்த கடிதம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அதே பீஎச்ஐ கோப்பைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உங்களை அடைத்தே இருக்கத் தேவையில்லை போலிருக்கிறதே. தங்கையின் அறிக்கை நெகட்டிவ். நல்ல செய்தி அம்மா. வீட்டில் யாருக்கும் பயமில்லை."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது என்னவென்று விளங்கியது. வாய் திறந்தபடி இருந்தது. அவர் கோப்பை மூடுவதற்கு முன்னர் நிஸாம் போனை நீட்டி அந்தத் தாளைப் படம் எடுத்துவிட்டான். பேர், திகதி, முடிவு எல்லாம் விழுந்திருந்தது. பேர் அதில் சரியாக எழுதப்பட்டிருந்தது.

அன்று பின்னேரமே படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். கீழே இரண்டு வரி: "இது என் சாச்சி. நோயில்லை என்று தெரிந்தும் எரித்தார்கள்." நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். நாலாம் நாள் சிவில் உடுப்பில் வந்த பொலிஸார் அவனைக் கொண்டுபோனார்கள். பொய்ச் செய்தி பரப்பி இனங்களுக்கிடையே பகை மூட்டினான் என்பது குற்றம்.

ஒரு மாதம் மகன் எங்கே இருக்கிறான் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. ஹபீலா காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கினாள். ஒரு மேசையில் இன்னொரு மேசையைக் காட்டினார்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு பொலிஸ் அதிகாரி தானே போன் எடுத்தார். அவருடைய சிங்களம் மரியாதையாக இருந்தது.

"மகனைப் பார்க்க விருப்பமா அம்மா? நாளைக்கு வாருங்கள். சாப்பாடும் கொண்டு வரலாம்."

அவ்வளவு நாளும் எரியாத அடுப்பை அவள் மறுநாள் விடியப் பற்ற வைத்தாள். சூடை மீன் பொரித்து, புளி ஆணம் காய்ச்சி, இடியப்பம் அவித்துக் கட்டினாள். பொலிஸ் காரியாலய வாசலில் ஒருவன் பொதியை அவிழ்த்து, இடியப்பங்களை விரலால் பிய்த்துக் கிளறிப் பார்த்துவிட்டுக் கூழாகத் திருப்பிக் கொடுத்தான்.

நிஸாமைக் கொண்டுவந்து முன்னால் இருத்தினார்கள். இடது காது வீங்கிக் கன்னத்தோடு ஒன்றாகியிருந்தது. கழுத்தில் காய்ந்த சீழ்.

"அடிச்சாங்களா மகன்?"

"விழுந்தன் உம்மா." சுவரோரம் அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஸாம் இடியப்பக் கூழை வலது கடைவாயால் மட்டும் மென்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுத் தமிழில், வேகமாகச் சொன்னான். "ஒங்கள ஒரு தாள்ல சைன் கேப்பாங்க. சாச்சிக்கி கொரோனா ஈந்த, மகன் பிழையாப் போட்டுட்டான் எண்டு. வைக்க வாணாம்."

"வைக்காட்டி ஒங்கள விடமாட்டாங்களே."

"விட வாணாம். அன்டைக்கி அம்பதடியில கையக் கட்டிக்கொண்டு நிண்டன் உம்மா. ஒண்டும் செய்ய ஏலாமப் பெய்த்து. இதையாவது செய்ய விடுங்க."

"வாய மூடித் தின்னுங்க" என்றாள் ஹபீலா.

பத்து நிமிடம் முடிந்தது. அதிகாரி அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். மேசையில் தாள் தயாராக இருந்தது, மூன்று பக்கம், முழுக்கச் சிங்களம். கடைசிப் பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் வெறுமையாக இருந்தது.

"இந்த இடத்தில் உங்கள் கையாலேயே, உங்கள் மொழியில் எழுதலாம். வாசித்து விளங்கிக்கொண்டேன், எல்லாம் உண்மை என்று. கீழே கையொப்பம். மகன் நாளைக்கு வீட்டில் இருப்பான்."

ஹபீலா பேனையை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்ற கை, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதியது.

*மஸாஹிமாவுக்கு நோயில்லை. நோயில்லாத என் தங்கச்சியை எரித்தீர்கள். என் மகனை அடித்தீர்கள். இந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.*

கீழே பேரை எழுதினாள். அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு நீளம்?"

"தமிழ் நீளம்தான் மஹத்தயா."

அவர் தலையசைத்து, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தார்.

நிஸாம் மறுநாள் பகல் விடுவிக்கப்பட்டான். படியேறும் சத்தம் கேட்டு மூன்று மாடிக் கதவுகளும் திறந்தன. அவனைக் குளிக்க வைத்து, சோறு போட்டு, அவன் தின்று முடித்த பிறகு ஹபீலா தான் எழுதியதைச் சொன்னாள். முதலில் அவன் சிரித்தான். வாய்விட்டு, காது வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

"வாசிப்பாங்க உம்மா. எப்பயாவது ஆராவது வாசிப்பாங்க."

"தெரியும். ஹெந்தளையில ஒங்கட கூட்டாளிட வீட்டுக்குப் பெய்த்து ஈங்க மகன். இன்டைக்கே போங்க."

"ஓடினா நாங்க பொய் சென்னதா ஆகிடும்."

"ஆகட்டும். எனக்கி நீங்க ஓணும்."

"அப்ப ஏன் எழுதின?"

ஹபீலா அவனுடைய தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவன் ஹெந்தளைக்குப் போகவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தாள். ஒருநாள் இறால், ஒருநாள் பாபத் குடல் கறி, ஒருநாள் வட்டிலப்பம். அவன் ஒரு பக்கத்தால் மென்று தின்றான். கீழே எந்த வாகனம் நின்றாலும் இருவரும் மெல்லுவதை நிறுத்திக் கேட்டார்கள்.

அவர்களுக்கு அதை வாசிக்க ஆறு நாள் பிடித்தது. ஏழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். அதே அதிகாரி. மரியாதை போயிருந்தது. கூடவே மட்டக்களப்புப் பக்கத்து இளம் பொலிஸ்காரன் ஒருவன், கையில் தாளின் பிரதி.

"இது நீ எழுதியதா?"

"ஓம். நான் எழுதின."

"வாசி" என்று அதிகாரி பொலிஸ்காரனிடம் சொன்னார். "தமிழிலும் வாசி, சிங்களத்திலும் சொல். இவள் மறுக்கக்கூடாது."

அவன் வராந்தாவில் நின்று வாசித்தான். குரல் வராந்தாவைத் தாண்டவில்லை. "சத்தமாக" என்றார் அதிகாரி. அவன் மறுபடி முதலிலிருந்து, கட்டடம் முழுக்கக் கேட்க வாசித்தான். மஸாஹிமாவுக்கு நோயில்லை. பிறகு அதையே சிங்களத்தில் சொன்னான். நாலாம் மாடியிலிருந்தும் இரண்டாம் மாடியிலிருந்தும் ஆட்கள் படிக்கு வந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பாக்கியலெட்சுமி வேலைக்குப் போகிற நீல உடுப்போடு நின்றாள்.

"அது உண்மதான் சேர். அந்த வாட்டுல நான் இருந்தேன். நெகட்டிவ்வுனு வாசிச்சத நான் கேட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னாள்.

"பாக்கியம், உள்ளுக்குப் போ!" என்று ஹபீலா கத்தினாள்.

"இருங்க அக்கா. எம்புட்டு நாளைக்கு உள்ளுக்கே இருக்கிறது."

அதிகாரி அவளுடைய கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துத் திருப்பி, பேரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். நிஸாம் செருப்பைப் போட்டுக்கொண்டு தானே வெளியே வந்தான். தாயைக் கட்டிப்பிடிக்கக் கையெடுத்தவனைப் பிடித்து விலங்கு மாட்டினார்கள்.

பாக்கியலெட்சுமியை அந்தக் கிழமையே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெப்ரவரிக் கடைசியில் எரிக்கும் சட்டத்தை அரசாங்கம் நீக்கியது. கொரோனாவில் இறந்தவர்களைக் கிழக்கில் ஒரு ஊரில் கொண்டுபோய் அடக்கலாம் என்றது. நிலத்தடித் தண்ணீரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நிஸாம் மட்டும் ஒக்டோபர் வரைக்கும் உள்ளேயே இருந்தான். பிறகு வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று பொலிஸ் தரப்பு கோட்டில் சொன்னது. அதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவனுடைய இடது காது அதற்குள் முழுதாகச் செத்துவிட்டிருந்தது.

மூன்று வருடம் கழித்து, இரவுச் செய்தியில், கட்டாயமாக எரித்ததற்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்பதாக வாசித்தார்கள். நிஸாம் வலது காதைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான். ஹபீலா மறுநாளைக்கு மாவை அரித்துக்கொண்டிருந்தாள். செய்தியின் சிங்களம் அவளுக்குப் பாதிதான் விளங்கியது.

"என்ன செல்றாங்க மகன்?"

"மன்னிப்புக் கேக்கிறாங்களாம் உம்மா. எரிச்சதுக்கு."

ஹபீலா அரிதட்டைக் கீழே வைத்தாள்.

"ஆர்ட்ட?" என்று கேட்டாள்.

அவள் இருந்தது அவனுடைய இடப்பக்கம். அவனுக்கு அது கேட்கவில்லை.